அங்கதன் கையில் உடைவாள்

துரோணரும் துருபதனும் ஒரே குருகுலத்தில் படித்தவர்கள் என்று தமிழ் ஐயா சொன்னதும் வகுப்பே நிமிர்ந்து உட்கார்ந்தது. அரசனான பிறகு துருபதன் ஏழைத் தோழனை அவமதித்தான். துரோணர் சீடர்களை ஏவி அவனைக் கட்டி இழுத்துவரச் செய்து பாதி நாட்டைப் பறித்தார். அவரைக் கொல்லவென்றே துருபதன் வேள்வி செய்து திருஷ்டத்யும்னனைப் பெற்றான். அதை அறிந்தும் துரோணரே அந்தப் பிள்ளைக்கு வில்வித்தை கற்றுக்கொடுத்தார். இந்த இடம் வந்தால் ஐயா சற்று நேரம் பேசமாட்டார்.

15ஆம் நாள் போரில், மகன் அசுவத்தாமன் இறந்தான் என்ற பொய்யை நம்பி ஆயுதத்தைக் கீழே வைத்த துரோணரின் தலையைத் திருஷ்டத்யும்னன் கொய்தான். 18ஆம் நாள் இரவு அசுவத்தாமன் பாசறைக்குள் புகுந்து அவனை மிதித்தே கொன்றான். திரௌபதியின் பிள்ளைகள் ஐவரையும் விடவில்லை. குருகுலத்துத் தோழர் இருவர் விதைத்த வினை, துருபதனின் பேரப்பிள்ளைகள் தலையில் விடிந்தது.

அந்த வகுப்பில் என் பெரியப்பா மகனும் இருந்தான். அப்பத்தா காலத்திலிருந்தே இரு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. ஒரே வளவு, நடுவில் சுவர். முன்னோருக்குப் படையலிடும் படைப்புக்குக்கூட ஒரு தரப்பு சாப்பிட்டுக் கிளம்பிய பிறகுதான் மறு தரப்பு உள்ளே வரும்.

மறுவாரம் ஐயா கம்பனுக்குப் போனார். 1939இல் சா. கணேசன் காரைக்குடியில் கம்பன் கழகம் தொடங்கிய மண்ணல்லவா, கம்பன் இல்லாமல் எங்கள் தமிழ் வகுப்பு ஏது! மறைந்து நின்று எய்த அம்பால் வாலி சாய்கிறான். எய்த இராமனே வாலியின் மகனிடம் பொன் உடைவாளை நீட்டி, ‘நீ இது பொறுத்தி’ என்கிறான். அங்கதன் வாங்கிக்கொள்கிறான். பின்னாளில் தூது போனவனிடம், தந்தையைக் கொன்றவன் பின்னால் திரிகிறாயே, வானரருக்கு உன்னையே அரசனாக்குகிறேன் என்று இராவணன் ஆசை காட்டுகிறான். நாய் தரச் சிங்கம் அரசு கொள்ளுமா என்று சிரிக்கிறான் அங்கதன்.

வஞ்சத்தில் தந்தையை இழந்த பிள்ளைகள்தாம் அசுவத்தாமனும் அங்கதனும். ஆனால் பழிதீர்க்க வாய்ப்பைத் தட்டில் வைத்து நீட்டியும் தொடாத அங்கதனே பெரிய வீரன் என்பது அன்று முதல் என் எண்ணம். ‘அரியணை அனுமன் தாங்க, அங்கதன் உடைவாள் ஏந்த’ என்று முடிசூட்டு விழாவில் கம்பன் அவனை நிறுத்தியிருக்கும் இடம் அப்படிப்பட்டது.

தூதுப் பாட்டுகளை வகுப்பில் எங்களைக்கொண்டே படிக்கவைத்தார் ஐயா. இராவணன் பெரியப்பா மகன், அங்கதன் நான். எதிரெதிரே நின்றோம். முதல் பாட்டில் அவன் குரல் நடுங்கியது, எனக்கும் அப்படித்தான். நாங்கள் இருவரும் முகம் பார்த்துப் பேசிய முதல் வார்த்தைகள் கம்பனுடையவை. அன்று மாலை பஸ்ஸில் எனக்கு அவன் இடம் பிடித்து வைத்திருந்தான். பெரியவர்களின் வழக்கு அதன் பிறகும் நெடுநாள் இழுத்தது.

சிங்கப்பூரில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கும் நம் சங்கத்து நண்பர்களே, தூதுப் படலத்தை விட்டுவிடாதீர்கள். பாட்டுகளை ஆளுக்கொரு பாத்திரமாகப் பிரித்துக் கொடுங்கள். பேசாமல் இருக்கும் இருவர் இருந்தால் அவர்களுக்கே முதலில் கொடுங்கள்.