கச்சான் காலத்துக் கடி

ஜூலை 3, புதன்
மூன்று நாளாக வலது மார்புக்குக் கீழே, சட்டைப் பட்டி அழுத்துகிற மடிப்பில் கடிக்கிறது, சொறியச் சொல்கிறது. கச்சான் காற்று தொடங்கினால் நாவற்குடாவில் வீட்டுக்குள் இருந்தாலே வேர்த்துக் கொட்டும். வேர்க்குருதான் என்று பவுடர் போட்டேன். வகுப்பில் கரும்பலகைப் பக்கம் திரும்பி முழங்கையால் தேய்க்கிறேன். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் கவனிக்காமலா இருப்பார்கள்!

ஜூலை 7, ஞாயிறு
மச்சாள் வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துத் தந்தாள். எரிச்சல்தான் மிச்சம். பார்மசியில் “சொறிக்கு ஒரு கிறீம்” என்றேன். எங்கே என்று பெடியன் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

ஜூலை 14, ஞாயிறு
கிறீம் இரண்டு நாள் சுகம் காட்டியது. பிறகு சிவப்பு இன்னும் படர்ந்து, ஓரமெல்லாம் குட்டிக் குட்டிப் பருக்கள். இரவு நித்திரை இல்லை. சின்னம்மாவின் நினைவு. அவவுக்கு ஒரு பக்கக் காம்பில் மட்டும் பொருக்கு. ஒரு வருசம் தேங்காய் எண்ணெய் பூசிக்கொண்டு “சொறிதான்” என்றா. இரத்தம் கசிந்த பிறகுதான் காட்டினா. பஜற் நோய், ஒரு வகை மார்புப் புற்று. மகரகம புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு அலைந்து, ஒப்பரேசன் செய்து, இன்றைக்கும் எங்களோடு இருக்கிறா.

ஜூலை 16, செவ்வாய்
பக்கத்து வீட்டுக் குழந்தையைப் பார்க்க வந்த மிட்வைஃபிடம் மெல்லச் சொன்னேன். “வெல் வுமன் கிளினிக்குக்கு வாங்க புள்ள, லேடி டொக்டர்தான்.” 1996இல் தொடங்கிய கிளினிக்குகள் இவை. 35 வயது தாண்டிய பெண்களுக்கு மார்பும் கர்ப்பப்பைக் கழுத்தும் காசில்லாமல் பார்க்கிறார்கள். எனக்கு 41. ஒருநாளும் போனதில்லை.

கிளினிக்கில் டொக்டர் இரண்டு மார்பையும் அக்குளையும் தடவிப் பார்த்தா. பங்கசு, அதாவது பூஞ்சைத் தொற்று. பார்மசிக் கிறீமில் ஸ்டெரொயிட் இருந்ததாம். “பங்கசுக்குச் சோறு போட்டிருக்கிறீங்க” என்று சிரித்தா. பங்கசைக் கொல்கிற குளோட்ரிமசோல் கிறீம் எழுதினா. குளித்ததும் ஒற்றித் துடைத்துக் காயவிட வேண்டும், பருத்தியில் உள்ளாடை, கடி நின்றாலும் உடனே மருந்தை நிறுத்தக் கூடாது.

சின்னம்மாவைப் பற்றிக் கேட்டேன். மடிப்பில் வருவது பெரும்பாலும் வேர்வையும் பங்கசும்தான், சவர்க்காரம் ஒத்துக்கொள்ளாமலும் வருமாம். ஒரு பக்கக் காம்பு உரிந்து, கசிந்து, இரண்டு கிழமை மருந்துக்கும் ஆறாவிட்டால் காட்டியே ஆகவேண்டும். காம்பு புதிதாக உள்ளே இழுத்தாலும், கட்டி தட்டுப்பட்டாலும் அப்படியே. மார்பு சில நாளில் சிவந்து வீங்கிச் சூடாகி, தோல் தோடம்பழத் தோல் மாதிரிக் குழி விழுந்தால் ஒரு கிழமைகூடப் பொறுக்கக் கூடாது. அந்த வகைப் புற்று நோவே இல்லாமலும் வருமாம்.

விரலில் குத்திச் சீனியும் பார்த்தார்கள். கூடத்தான். வெறுவயிற்றில் திரும்பப் பார்க்க வேண்டும். மடிப்புப் பங்கசு அடிக்கடி வந்தால் சலரோகத்தையும் சந்தேகிப்பார்களாம். கடி கொண்டுபோய் விட்ட இடத்தைப் பார்!

ஜூலை 30, செவ்வாய்
கடி இல்லை. தோல் கறுத்திருக்கிறது, அவ்வளவுதான். தேத்தண்ணிக்குச் சீனி போடாமல் குடித்ததைப் பார்த்து மச்சாள் விசயத்தைக் கறந்துவிட்டாள். அவளுக்கும் 3 மாதமாகக் கடிக்கிறதாம். எங்கே என்று கேட்டால் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். அடுத்த கிளினிக்குக்கு இழுத்துக்கொண்டுதான் போக வேண்டும்.