காதோரக் கட்டியும் ஒரு நாதஸ்வரக்காரனும்

இடது காது மடலுக்குக் கீழே, தாடை எலும்பை ஒட்டி எனக்கு ஒரு கட்டி இருந்தது. வலி கிடையாது, காய்ச்சல் கிடையாது. தொட்டால் கெட்டியாக இருக்கும்; விரலுக்கு அடியில் லேசாக நகரும். சவரம் செய்யும்போது பிளேடு ஒரு மேட்டில் ஏறி இறங்கும், அவ்வளவுதான் தொந்தரவு. அது மெல்ல மெல்ல வளர்ந்து, ஒரு மாப்பிள்ளை அழைப்பு வீடியோவில் இடது பக்கம் தனியாகத் தெரிந்த பிறகுதான் சுற்றியிருந்தவர்கள் பேசத் தொடங்கினார்கள்.

பேசியவர்கள் அத்தனை பேரும் வைத்தியர்கள். என் அத்தை பொன்னுக்கு வீங்கி என்று முடிவு கட்டி, தன் தங்கச் சங்கிலியைக் கழற்றி என் கழுத்தில் போட்டுவிட்டார். இடத்தைப் பொறுத்தவரை அத்தை சொன்னது சரி. பொன்னுக்கு வீங்கி தாக்குவதும் அதே உமிழ்நீர்ச் சுரப்பியைத்தான், பரோடிட் என்பார்கள். ஆனால் அது வைரஸ் காய்ச்சல். வலியோடு வரும், ஒன்றிரண்டு வாரத்தில் வடிந்துவிடும். வருடக்கணக்கில் சத்தமில்லாமல் வளராது. எங்கள் தவில்காரரோ, “ஊதி ஊதிக் காற்று ஏறியிருக்கும் அண்ணே” என்றார். சிரித்துவிட்டேன்.

கடலூரில் நான் முதலில் காட்டிய இடத்தில் ஆன்டிபயாடிக் மாத்திரை கொடுத்தார்கள். அது கேட்கவில்லை என்றதும், கீறி விட்டுவிடலாம், அடுத்த வாரம் வாருங்கள் என்றார்கள். பெயர் எதற்கு? அந்த வாரம் முழுக்க முகூர்த்தம். திருவந்திபுரத்தில் அடுத்தடுத்து கல்யாணம். அதனால் போகவில்லை. அந்தக் கத்தியிலிருந்து என்னைக் காப்பாற்றியது அந்த முகூர்த்தங்கள்தான்.

பிறகு மைத்துனர் சொல்லி, புதுச்சேரியில் காது மூக்கு தொண்டை மருத்துவர் ஒருவரிடம் போனேன். கடலூரிலிருந்து பஸ் ஏறினால் முள்ளோடை, தவளக்குப்பம், அரியாங்குப்பம் தாண்டி ஒரு மணி நேரம். அவர் கட்டியைத் தொடுவதற்கு முன் முகத்தைப் பார்த்தார். புருவத்தைத் தூக்குங்கள், கண்ணை இறுக்கி மூடுங்கள், கன்னத்தை உப்புங்கள், பல்லைக் காட்டுங்கள் என்று ஒவ்வொன்றாகச் செய்யச் சொன்னார். அடுத்து வாயைத் திறக்கச் சொல்லி, டார்ச் அடித்து, மேல் கடைவாய்ப் பற்களில் இரண்டாவதற்கு எதிரே கன்னத்தின் உட்பக்கத்தைப் பார்த்தார். அந்தச் சுரப்பியின் குழாய் அங்கேதான் திறக்கிறதாம். வெளியே சுரப்பியை அழுத்த, அந்தத் துளை வழியே எச்சில் தெளிவாக வந்தது. தொழில் என்ன என்று கேட்டார். சொன்னதும், “வாசிக்கும்போது வீங்கி அப்புறம் வடிகிறதா?” என்றார். காற்று வாத்தியம் வாசிப்பவர்களுக்கும் கண்ணாடி ஊதும் தொழிலாளர்களுக்கும் அந்தக் குழாய் வழியே சுரப்பிக்குள் காற்று ஏறுவது உண்டாம். தவில்காரரிடம் மனத்துக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். என்னுடையது அது இல்லை. வெற்றிலை பாக்கு போடுவதைப் பற்றியும் கேட்டார்; இந்தக் கட்டிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, ஆனால் பாக்கு வாய்ப் புற்றுநோய்க்கு வழி, விட்டுவிடுங்கள் என்றார்.

ஸ்கேன், ஊசியால் செல் எடுத்துப் பார்க்கும் சோதனை, எம்ஆர்ஐ எல்லாம் முடிந்து வந்த பெயர் பிளியோமார்ஃபிக் அடினோமா. இந்தச் சுரப்பியில் வரும் கட்டிகளில் சுமார் 80 சதவீதம் புற்றுநோய் அல்லாதவை. அவற்றில் மிகச் சாதாரணமானது இதுதான். ஆனால் பல வருடம் விட்டுவைத்தால் சிலருக்குப் புற்றாக மாறக்கூடும் என்பதால் எடுத்துவிடுவதே நல்லது என்றார். புளியங்கொட்டையைப் பிதுக்குவதுபோல அதை மட்டும் பிதுக்கி எடுத்துவிட முடியாதா என்று கேட்டேன். கட்டியின் உறையிலிருந்து சின்னச் சின்னப் புடைப்புகள் சுற்றிலும் நீண்டிருக்கும், ஒன்று தங்கினாலும் மறுபடி முளைக்கும், அதனால் சுற்றியுள்ள சுரப்பியையும் சேர்த்தே எடுக்க வேண்டும் என்றார்.

பிறகுதான் விஷயத்துக்கு வந்தார். என் இடது கையையே எடுத்து, மணிக்கட்டு காதருகே இருக்கும்படி முகத்தில் பரப்பினார். கட்டைவிரல் நெற்றிப்பொட்டில், ஆள்காட்டி விரல் கன்ன எலும்பில், நடுவிரல் கன்னத்தில், மோதிர விரல் தாடை விளிம்பில், சுண்டுவிரல் கழுத்தில். “உங்கள் முக நரம்பு இப்படித்தான் போகிறது.” மண்டையோட்டிலிருந்து காதுக்குப் பின்னால் ஒரு துளை வழியே வெளியே வந்து, இந்தச் சுரப்பிக்குள்ளேயே புகுந்து ஐந்து கிளையாகப் பிரிகிறது. மூளையிலிருந்து வரும் பன்னிரண்டு ஜோடி நரம்புகளில் ஏழாவது அது. கட்டி அதன் மேல் உட்கார்ந்திருக்கிறது. ஆக, அறுவை என்பது முதலில் நரம்பைக் கண்டுபிடிப்பது. கட்டி அதற்கு அப்புறம்.

எனக்கு வயிறு கலங்கியது. நாதஸ்வரத்தின் முனையில் செருகி ஊதும் நாணல் துண்டான சீவாளியைப் பிடிப்பது உதடு. ஸ்வரங்களை நாக்கால் தட்டி வாசிக்கும் துத்துக்காரம் போய்விடுமா என்று கேட்டேன். அது நாக்கு, நாக்கை அசைப்பது பன்னிரண்டாவது நரம்பு, அதன் பக்கமே நாங்கள் போக மாட்டோம் என்றார். மெல்லும் தசைக்கு ஐந்தாவது. உதடும் கன்னமும்தான் ஏழாவதன் கையில் இருக்கின்றன. சம்மதப் படிவத்தில் ‘முகம் கோணலாகலாம்’ என்ற வரியில் என் மனைவி விரலை வைத்து, “இதைப் படித்தீர்களா?” என்றார். படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன்.

அறுவை நடந்தது எனக்குத் தெரியாது. கண்ணருகேயும் வாயருகேயும் மெல்லிய ஊசிகள் பொருத்தி, நரம்பைத் தொட்டால் கருவி ஒலிக்கும்படி வைத்திருந்தார்கள் என்று பிறகு சொன்னார்கள். நினைவு வந்ததும் அதே பல்லைக் காட்டும் பரீட்சை. கண் மூடியது, புருவம் ஏறியது, இடது கீழுதடு மட்டும் இறங்கவில்லை. தாடை விளிம்புக் கிளை, மிக மெல்லியது, இழுபட்டதில் சோர்ந்திருக்கிறது, அறுபடவில்லை, வாரங்களிலோ மாதங்களிலோ திரும்பும் என்றார்கள். கழுத்தில் ஒரு வடிகுழாய். காதுக்கு முன்னால் தொடங்கி மடலைச் சுற்றிக் கழுத்துக்கு இறங்கும் தையல்.

காயம் ஆறும்வரை ஊதக் கூடாது, புளிப்பு கூடாது. அனுமதி கிடைத்ததும் சீவாளியை மட்டும் எடுத்துக்கொண்டு கண்ணாடி முன் உட்கார்ந்தேன். இடது கடைவாயில் புஸ்ஸென்று காற்று கசிந்தது. பக்கத்து வீட்டுப் பையன் ஜன்னலில் நின்று வேடிக்கை பார்த்தான். பிறகு நடு ஸ்தாயியில் மோகன ராகம், மெதுவாக. தார ஷட்ஜத்தில், அதாவது மேல் ஸ்தாயி ‘ஸ’வில், நிற்க முயன்றால் உதடு நழுவும். ஒரு நாள் நழுவவில்லை. அன்று சாயங்காலமே தவில்காரரைக் கூப்பிட்டுவிட்டேன்.

இரண்டு மிச்சம் இருக்கின்றன. காது மடலில் மரப்பு. அங்கே உணர்ச்சி தரும் நரம்பு தையல் போகும் வழியில் இருப்பதால் பலருக்கு வருவதுதான், இப்போது பாதி திரும்பியிருக்கிறது. இன்னொன்று வினோதம். புளிக்குழம்பு சாப்பிட்டால் இடது கன்னம் வியர்க்கிறது. சுரப்பியைச் சுரக்கவைத்த நரம்பு இழைகள் வழி தவறி வியர்வைச் சுரப்பிகளோடு சேர்ந்துகொண்டதால் வருவது. போலந்து நாட்டு மருத்துவர் லூசியா ஃப்ரே 1923இல் இதை விளக்கி எழுதினாராம். அவர் பெயரால்தான் இதை அழைக்கிறார்கள். வேண்டுமானால் ஊசி இருக்கிறது என்றார் டாக்டர். தோளில் எந்நேரமும் துண்டு கிடக்கும் தொழில் எனக்கு, துடைத்துக்கொள்கிறேன்.

இந்தக் கட்டி பல வருடம் கழித்தும் திரும்பலாம் என்பதால் வருடத்துக்கு ஒரு முறை காட்டிவிட்டு வர வேண்டும். முகூர்த்தமில்லாத ஆடி மாதத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டேன்.