பரதநாட்டிய உடைக்கு வரி கட்டிய கதை: ஒரு சின்னக் கடையின் அனுபவம்

நியூ ஜெர்சியில் பரதநாட்டிய உடைகளும் நகைகளும் விற்கும் ஒரு சின்னக் கடை வைத்திருக்கிறேன். உடைகளைச் சென்னை மயிலாப்பூரில் ஒரு தையல் மாஸ்டர் தைத்துத் தருகிறார். கோயில் நகைகளில் நல்ல வேலைப்பாடு உள்ளவை நாகர்கோவில் வடசேரியிலிருந்து வருகின்றன. விசிறி (முன்னால் விரியும் மடிப்பு), மேலாக்கு, இடுப்புத் துணி எல்லாம் அளவெடுத்து முழு செட்டாகத் தைத்துத் தருபவர்கள் அமெரிக்காவில் எனக்குத் தெரிந்து விரல்விட்டு எண்ணும் அளவுதான். தலைசாமான் (தலையில் அணியும் நகைகள்) செய்பவர் ஒருவரையும் நான் இங்கே பார்த்ததில்லை. ஆக, இறக்குமதி இல்லாமல் இந்தத் தொழில் இல்லை. 2025 ஆகஸ்ட் முதல் அந்த ஆண்டு முடியும் வரை இந்தப் பார்சல்களை எப்படிக் கொண்டுவந்தோம் என்பதை எழுதுகிறேன். சொந்தமாக ஆர்டர் கொடுக்கும் பெற்றோருக்கும், என்னைப் போலக் கடை வைத்திருப்பவர்களுக்கும் உதவும்.

அதற்கு முன்னால் விஷயம் எளிது. ஒருவர் பெயருக்கு ஒரு நாளில் 800 டாலர் வரை வரும் பார்சலுக்கு வரியே கிடையாது. 2016 முதல் அதுதான் வரம்பாக இருந்தது. அரங்கேற்றத்துக்கு அளவு கொடுத்துத் தைக்கும் உடையைச் சென்னையிலிருந்து நேராக வாடிக்கையாளர் வீட்டுக்கே அனுப்பச் சொல்லிவிடுவேன். சீனாவிலிருந்து வருபவற்றுக்கு இந்தச் சலுகை 2025 மே 2 அன்றே போனது. மற்ற எல்லா நாடுகளுக்கும் ஆகஸ்ட் 29 அன்று போனது. அதற்குள் இந்தியப் பொருள்களுக்கு ஆகஸ்ட் 7 முதல் 25 சதவீதம், ஆகஸ்ட் 27 முதல் இன்னொரு 25 சதவீதம் என்று கூடுதல் வரி 50 ஆகிவிட்டது. யாரிடம் எப்படி வசூலிப்பது என்று தெளிவில்லாததால் இந்தியத் தபால் துறையும் ஆகஸ்ட் 25 முதல் அமெரிக்காவுக்குப் பொருள்களை எடுப்பதை நிறுத்தியது. செப்டம்பர் 22 நவராத்திரி, அக்டோபர் 2 விஜயதசமி. புதுப் பிள்ளைகள் வகுப்பில் சேரும் நேரம், கோயில்களில் நிகழ்ச்சிகள் நடக்கும் நேரம். எங்களுக்கு வியாபாரம் நடப்பதே அப்போதுதான்.

கூரியரில் வந்த முதல் பார்சல் சுங்கத்தில் நின்றது. தையல் மாஸ்டர் தந்த பில்லில் எழுதியிருந்தது "பரதம் செட்" என்று மட்டும். இத்தனை வருடம் அது போதுமானதாக இருந்தது. இப்போது கூரியர் நிறுவனத்திடமிருந்து கேள்விகள் வந்தன: என்ன நூல், நெய்த துணியா பின்னிய துணியா, பெண்களுக்கா சிறுமிகளுக்கா, எந்த நாட்டில் தைத்தது, ஒவ்வொன்றும் என்ன விலை. பதில் போக ஒரு நாள் தாமதமானால் கிடங்கு வாடகை வேறு ஏறும். அன்றிலிருந்து பில்லை நானே எழுதி மாஸ்டருக்கு அனுப்புகிறேன். உடை தனி வரிசையில், நகை தனி வரிசையில், சலங்கை தனி வரிசையில். ஒவ்வொன்றுக்கும் சுங்கக் குறியீட்டு எண்ணும் (எவ்வளவு வரி என்பதைத் தீர்மானிக்கும் எண்) இருக்கும். துணியில் என்ன நூல், மேட் இன் இந்தியா என்று சொல்லும் லேபிளையும் உள்ளே தைத்துவிடச் சொன்னேன். லேபிள் இல்லாத உடையைத் தடுத்து நிறுத்தச் சுங்கத் துறைக்கு உரிமை உண்டு.

குறியீட்டு எண்களைத் தேடும்போதுதான் எனக்கு மனசு கொதித்தது. 2025-இல் அந்த 50 சதவீதம் மேலே ஏறியது. அதற்குக் கீழே அடிப்படை வரி ஒன்று எப்போதும் உண்டு. 800 டாலர் சலுகை இருந்தவரை யாரும் அதைக் கவனித்ததில்லை. பெண்களுக்கான பட்டு உடைக்கு அது 6.9 சதவீதம். செயற்கை நூல் உடைக்கு 16. கவரிங் நகைக்கு 11. அதாவது அந்த 2025 கணக்கில் 250 டாலர் பட்டு உடைக்கு 142 டாலர் வரி. பட்டு வாங்க முடியாத குடும்பம் எடுக்கும் 120 டாலர் ஆர்ட் சில்க் (செயற்கைப் பட்டு) உடைக்கு 79 டாலர். சதவீதமாகப் பார்த்தால் பட்டுக்கு 57-ஐ ஒட்டி, ஆர்ட் சில்க்குக்கு 66. 150 டாலர் கவரிங் செட்டுக்கு 91 டாலர் 50 சென்ட். இதோடு நமக்காக வரியை முன்கூட்டிக் கட்டியதற்குக் கூரியர்காரர்கள் ஒரு கட்டணமும் போடுகிறார்கள். வரி எவ்வளவு சின்னதாக இருந்தாலும் அந்தக் கட்டணம் குறையாது. ஆகவே ஒரு ஜோடி சலங்கையை மட்டும் கூரியரில் வரவழைப்பது வீண்.

பலருக்குத் தெரியாத ஒன்று: அமெரிக்காவில் வரி பொருளின் விலைக்குத்தான், சர்வதேசக் கூரியர் செலவுக்கு இல்லை. ஆனால் பில்லில் அனுப்பும் செலவைத் தனியாகக் காட்டியிருக்க வேண்டும். எல்லாம் சேர்த்து ஒரே தொகையாக எழுதினால் அந்தச் செலவுக்கும் சேர்த்து வரி கட்டுவோம்.

மாஸ்டர் நல்ல எண்ணத்தில் கேட்டார். "மேடம், பில்லுல பாதி விலை போட்டுடட்டுமா? இல்ல, கிஃப்ட்னு எழுதிடட்டுமா? எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க." வேண்டவே வேண்டாம் என்றேன். பார்சல் யார் பெயருக்கு வருகிறதோ அவர்தான் சட்டப்படி இறக்குமதியாளர். பொய் விலை பிடிபட்டால் மாட்டுவது அந்தக் குழந்தையின் அம்மா. பரிசுக்கு வரம்பு 100 டாலர்தான். காசு வாங்கிக்கொண்டு அனுப்புவது பரிசும் ஆகாது.

முன்பணம் கட்டிவிட்டுக் காத்திருந்தவர்களிடம் பேசுவதுதான் கஷ்டமாக இருந்தது. வரியில் பாதியை நான் ஏற்கிறேன், பாதியை நீங்கள் தாருங்கள் என்று கேட்டேன். பெரும்பாலானோர் சரி என்றார்கள். ஒரு அம்மா மட்டும், "அக்கா, ரெண்டு பொண்ணுங்க. ரெண்டு பேருக்கும் இப்ப முடியாது" என்றார். அவர் பெரியவளுக்கு மட்டும் வாங்கினார். சின்னவளுக்கு, கல்லூரிக்குப் போய்விட்ட ஒரு மாணவியின் உடையைப் பிரித்து அளவு குறைத்துக் கொடுத்தோம். அதற்கப்புறம் பழைய உடைகளை வாங்கி வைத்து விற்பதைக் கடையில் ஒரு பகுதியாகவே ஆக்கிவிட்டேன். நல்ல பட்டு உடை பத்து மேடை தாங்கும். ஆசிரியர்களிடமும் கேட்டுக்கொண்டேன்: குழு நடனத்துக்கு எல்லோருக்கும் ஒரே நிறத்தில் புது உடை என்று இந்த வருடம் வற்புறுத்தாதீர்கள். சிலர் ஒப்புக்கொண்டார்கள்.

கடைச் சரக்குக்கு வழி வேறு. 2,500 டாலருக்கு மேல் போனால் முறையான சுங்கப் பதிவு வேண்டும். சுங்கத் தரகர், அவருக்கு அதிகாரப் பத்திரம், பத்திரக் காப்பீடு (வரி கட்டப்படும் என்பதற்கான உத்தரவாதம்), அரசின் செயலாக்கக் கட்டணம் என்று வரிசையாக வரும். இவை பெரும்பாலும் ஒரு சரக்குக்கு இவ்வளவு என்ற கணக்கு. அதனால் மாதாமாதம் வரவழைத்ததைச் சேர்த்து வைத்து ஒரே பெட்டியாக வரவழைக்கிறோம். அவ்வளவு பணத்தை முன்கூட்டி முடக்குவது சின்னக் கடைக்குப் பெரிய பாரம். பெரிய நிறுவனம் வரிக்கு முன்பே கப்பலில் சரக்கைக் குவித்துக்கொள்ளலாம். பிள்ளையின் இடுப்பளவு வந்த பிறகு தைக்கும் உடையை முன்கூட்டி எப்படிக் குவிப்பது?

அக்டோபர் 15 அன்று இந்தியத் தபால் மறுபடி தொடங்கியது நிம்மதி. 2025-இல் தபாலில் வந்ததற்கு அறிவித்த விலையில் 50 சதவீதம் மட்டும் கட்டினோம். அடிப்படை வரி இருக்கவில்லை. இந்தியாவில் பார்சல் போடும்போதே கட்டிவிட்டதால் இங்கே வாசலில் பில் வரவில்லை. குஞ்சலம், சலங்கை, பிராக்டிஸ் சேலை மாதிரி அவசரமில்லாதவற்றை அப்போது அப்படித்தான் வரவழைத்தேன்.

ஆல்டரேஷனுக்குச் சென்னைக்குத் திருப்பி அனுப்புவதை நிறுத்திவிட்டேன். திருத்திய வேலைக்கு மட்டும் வரி கட்ட விதி உண்டு, ஆனால் அதற்கான காகிதங்கள் சரியாக இல்லையென்றால் முழு விலைக்கும் மறுபடி வரி விழும். அதற்குப் பதில் ரவிக்கையிலும் இடுப்பிலும் உள்ளே துணி தாராளமாக விட்டுத் தைக்கச் சொல்கிறேன். பக்கத்து ஊரில் தையல் தெரிந்த ஒரு அக்கா பிரித்து விட்டுத் தருகிறார்.

டிசம்பரில் சென்னைக்குப் போகும் குடும்பங்களிடம் நானே சொல்கிறேன்: மயிலாப்பூரில் நேரில் அளவு கொடுத்துத் தைத்து, பெட்டியில் எடுத்து வாருங்கள். பயணிக்கு ஆளுக்கு 800 டாலர் சலுகை அப்படியே இருக்கிறது, ஒரே வீட்டில் இருப்பவர்கள் அதைச் சேர்த்துக் கணக்கிடலாம். எனக்கு அந்த ஆர்டர் போகும், பரவாயில்லை, பிள்ளை ஆட வேண்டும். ஆனால் என் கடைச் சரக்கை அவர்கள் பெட்டியில் போட்டுக் கொண்டுவரச் சொல்ல மாட்டேன். அந்தச் சலுகை சொந்த உபயோகத்துக்குத்தான்.

உள்நாட்டுத் தொழிலைக் காக்கத்தான் வரி என்கிறார்கள். இந்த உடையைப் பொறுத்தவரை இங்கே காக்க ஒரு தொழிலே இல்லை. நஷ்டம் மூன்று இடத்தில் விழுகிறது: இங்கே பெற்றோருக்கு, எனக்கு, அங்கே மாஸ்டருக்கு. தீபாவளிக்கு அவரிடம் பேசியபோது, அமெரிக்க ஆர்டர் குறைந்ததால் ஜரிகை வைத்துத் தைக்கும் இரண்டு பேரைப் பாதி நாள்தான் வரச் சொல்வதாகச் சொன்னார்.

இப்போது ஆர்டர் எடுக்கும்போதே உடையின் விலை, வரி, அனுப்பும் செலவு மூன்றையும் தனித்தனியாக எழுதிக் கொடுக்கிறேன். வரி மாறினால் வித்தியாசம் யாருடையது என்பதும் அதில் இருக்கும். நீங்கள் எங்கே வாங்கினாலும் அப்படி எழுதிக் கேளுங்கள். சுங்க ரசீதைத் தூக்கிப் போடாதீர்கள். குறியீட்டு எண் தவறாகப் போட்டு வரி கூடுதலாக வசூலித்திருந்தால், சுங்கக் கணக்கு முடிந்த நாளிலிருந்து 180 நாள்களுக்குள் மறுப்புக் கொடுக்கலாம். அதற்கு அந்த ரசீது வேண்டும்.