அம்மா உட்கார்ந்த தீபாவளி

தீபாவளிக்கு முந்தைய இரவு பதினொரு மணிவரை அடுப்படியில் முறுக்கு பிழிந்துவிட்டு, விடியற்காலை நான்கு மணிக்கே எழுந்து எல்லோர் தலையிலும் எண்ணெய் வைத்து, புதுப்புடவை கட்டிய கையோடு சுவரில் சாய்ந்து தூங்கிப்போகும் அம்மாவைப் பல ஆண்டுகள் பார்த்திருக்கிறேன். பண்டிகைக் கால மன அழுத்தத்துக்கு மூச்சுப்பயிற்சியும் தியானமும் நல்லவைதான். ஆனால் வேலை குறையாமல் மனம் இலேசாகாது என்பதே எங்கள் வீட்டில் நான் கண்டது.

2025-இல் முதலில் பலகாரங்களைக் குறைத்தோம். ஏழு வகை செய்த வீட்டில் அதிரசமும் முறுக்கும் மட்டும் போதும் என்று முடிவாயிற்று. அதிரச வேலையை முன்கூட்டியே தொடங்கலாம் என்பது பெரிய வசதி. பச்சரிசியை ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, ஈரம் முழுதும் போவதற்குள் அரைத்து, வெல்லப்பாகில் ஏலக்காயும் சுக்கும் சேர்த்துக் கிளறி வைத்துவிட்டால், அந்த மாவு ஒரு நாளாவது ஊறினால்தான் அதிரசம் மெத்தென்று வரும். தீபாவளி திங்கட்கிழமை என்பதால் சனிக்கிழமையே தம்பி மில்லுக்குப் போய் அரைத்து வந்தான். பாகு காய்ச்சியது நான். அம்மா பதம் மட்டும் பார்த்தார். கிண்ணத்துத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு, இரண்டு விரலால் திரட்டிப் பார்த்து, "இன்னும் ஒரு கொதி வரட்டும்" என்றார்.

சனிக்கிழமை காலையே திருநெல்வேலியில் இருக்க முடிந்ததற்கு ரயில் பயணச்சீட்டே காரணம். 2024 நவம்பர் முதல் முன்பதிவுக் காலம் 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைந்துவிட்டது. அக்டோபர் 17 பயணத்துக்கு ஆகஸ்ட் 18 காலை 8 மணிக்கே முயல வேண்டியிருந்தது. முந்தைய ஆண்டு தீபாவளிக்கு முன்பதிவைத் தவறவிட்டு, தட்கலும் கிடைக்காமல், விடிய விடியப் பேருந்தில் வந்து, வந்ததும் அம்மாவிடம் எரிந்து விழுந்தது இன்னும் என் மனதில் உறுத்துகிறது.

துணிமணிச் செலவுக்கு ஒரு தொகையைப் பேசி வைத்து, அதைத் தாண்டவில்லை. உறவினர் வீடுகளுக்குத் தீபாவளியன்றே ஓடாமல், மறுநாளும் விடுப்பு எடுத்துக்கொண்டு போனோம்.

பட்டாசுக்கு அனுமதித்த மாலை நேரத்தில், பிள்ளைகள் வாசலில் சங்குசக்கரம் விட்டபோது, அம்மா திண்ணையில் காலை நீட்டி அமர்ந்து, சுற்றி முடியும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.