திறப்பைத் திருப்ப முதல்: படுத்துக் கிடந்த மசி 135

மாமரத்தடியில் பத்துப் பதினைந்து வருடம் நின்ற உழவு மெசினை வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது, “ஸ்ராட் வருமோ?” என்றுதான். அதற்கு முன் கேட்க வேண்டியது, “ஏன் நிப்பாட்டினவை?” என்பது. இடம்பெயரும்போது ஓடிக்கொண்டிருந்த நிலையில் விட்டுப்போனது வேறு, கியர் உடைந்து செலவுக்குப் பயந்து ஓரங்கட்டியது வேறு. இரண்டுக்கும் ஒரே அளவு துருத்தான் பிடித்திருக்கும்.

எங்கள் பக்கம் அப்படிக் கிடப்பதில் அதிகம் கண்ணில் படுவது மசி பெர்கசன் 135. 1964 இல் வெளிவந்த மொடல். அதன் மூன்று சிலிண்டர் பேர்க்கின்ஸ் என்ஜினுக்குச் சாமான் எடுப்பது பெரிய கஷ்டமில்லை. ஆகவே என்ஜின் இறுகிக் கிடக்கிறது என்பதற்காக விட்டுவிட்டு வரவேண்டாம், விலையைக் குறைத்துக் கேளுங்கள். காசைத் தின்பது பின்பக்கம்: கியர்பெட்டி, கலப்பையைத் தூக்கும் லிப்ட், பிறேக், 28 அங்குலப் பின் ரயர் சோடி.

கியர் லீவரின் றப்பர் உறை கிழிந்திருக்கிறதா பாருங்கள். கிழிந்திருந்தால் ஒவ்வொரு மாரிக்கும் மழைத்தண்ணீர் உள்ளே இறங்கியிருக்கும். கியருக்கும் லிப்டுக்கும் ஒரே ஒயில்தான். அடிப் போல்ற்றை மெல்லத் தளர்த்தினால், தண்ணீர் இருந்தால் அதுதான் முதலில் வரும். பால்போல வந்தாலும் கழுவித் தப்பிக்கலாம். இரும்புத் துண்டு வந்தால் கும்பிட்டுவிட்டுத் திரும்புங்கள். பின் சில்லின் உட்பக்கம் ஒயில் வழிந்திருந்தால் அரை அச்சின் சீல் போய்விட்டது, பிறேக் லைனிங்கும் ஊறியிருக்கும்.

உரிமையாளர் வெளிநாட்டில் என்றால் அற்றோனித் தத்துவம் (அவருக்காகக் கையெழுத்துப் போடும் அதிகாரம்) யாரிடம் என்று கேளுங்கள். செசி, என்ஜின் இலக்கங்களைச் சுரண்டித் துடைத்துப் புத்தகத்தோடு ஒப்பிட்ட பிறகுதான் முற்பணம்.

வீட்டுக்குக் கொண்டுவந்த அன்றே இன்னொரு மெசினில் கட்டி இழுத்து ஸ்ராட் எடுக்கப் பார்ப்பதுதான் ஊர்ப்பழக்கம். இதைப்போல என்ஜினைக் கெடுக்கும் வேலை வேறில்லை. லைனரோடு ஒட்டிய றிங் உடையும், இறுகி நின்ற வால்வு, அதைத் தள்ளித் திறக்கும் புஷ்றொட்டை வளைத்துவிடும். அதற்குப் பதில் சிலிண்டருக்குள் டீசல் பீச்சும் மூன்று நொசிலையும் கழற்றுங்கள். ஒவ்வொரு துளைக்குள்ளும் டீசலும் என்ஜின் ஒயிலும் பாதிக்குப் பாதி கலந்து 50 மில்லிலீற்றர் அளவு விட்டு, துணியால் அடைத்து ஒரு கிழமை விடுங்கள். பிறகு ஸ்ராட்டரைக் கழற்றி, அந்த ஓட்டையால் பிளைவீல் பல்லில் நெம்புகோல் கொடுத்து முன்னும் பின்னும் அசைக்க வேண்டும். முழுச்சுற்று வேண்டாம், அரை அங்குலம் அசைந்தாலே வெற்றி. அசையாவிட்டால் இன்னொரு கிழமை. றொக்கர் மூடியையும் திறந்து, எல்லா வால்வும் ஏறி இறங்குகிறதா பாருங்கள். வால்வு இடைவெளி ஆறின என்ஜினில் 12 தௌ, அதாவது அங்குலத்தில் ஆயிரத்தில் 12 பங்கு.

நொசில் பூட்ட முன்பு என்ஜினைப் பல சுற்றுச் சுற்றி, ஊற்றியதை வெளியே துப்ப வைக்க மறக்காதீர்கள். உள்ளே மிஞ்சினால் பிஸ்டன் மேலே வரும்போது நசுங்க இடமில்லாமல், பிஸ்டனைத் தாங்கும் கொன்றொட் வளையும். பூட்டும்போது புதுச் செப்பு வாசர் போடுங்கள்.

தாங்கியில் கிடக்கும் பழைய டீசல் ஒரு சொட்டும் வேண்டாம். டீசல் பம்முக்கு டீசல்தான் உராய்வு எண்ணெய், தண்ணீர் கலந்தது போனால் உள்ளே துரு. நீண்டநாள் நின்ற பம்மில் பிசின் பிடித்து, டீசலை அளந்து விடும் மீற்றரிங் வால்வு திறந்தபடி இறுகுவதும் உண்டு. அப்போது ஸ்ராட் வந்தவுடன் என்ஜின் கட்டுக்கடங்காமல் பறக்கும், நிறுத்தும் கொளுக்கியும் கேட்காது. அதனால் முதல்முறை எடுக்கும்போது என்ஜினுக்குள் காற்று போகும் குழாயைக் கழற்றி, வாயை மூட ஒரு தட்டைப் பலகையோடு ஒருவரை நிறுத்துங்கள். கையால் மூடப் போகக்கூடாது. கழற்றிய கையோடு எயார் கிளீனருக்குள் எலிக்கூடு, புகைக்குழாய்க்குள் குளவிக்கூடு இருக்கிறதா என்றும் பாருங்கள்.

டீசல் லைனில் சிக்கிய காற்றை வெளியே எடுக்கும் ஒழுங்கு: பில்ரர், பம்மின் கீழ்த் திருகு, மேல் திருகு, கடைசியாக நொசில் நட்டு. என்ஜின் ஒயில் ஏறக்குறைய 7 லீற்றர். நிறுத்தும் கொளுக்கியை இழுத்து வைத்தபடி ஸ்ராட்டரைச் சுழற்றி, ஒயில் மீற்றர் முள் அசைந்த பின்பே கொளுக்கியை விடுங்கள்.

நல்ல சாமானைக் கெட்டது என்று நினைக்க வைக்கும் இரண்டு விசயம் இந்த மெசினில் உண்டு. கியரை வேகம், மெது என்று மாற்றும் ஹை-லோ லீவர் ஸ்ராட் நிலையில் இல்லாவிட்டால் ஸ்ராட்டர் மூச்சே விடாது. பின்பக்கக் கருவிகளுக்குச் சுழற்சி கொடுக்கும் பி.ரி.ஓ. லீவரைப் போடாவிட்டால் லிப்ட் பம் சுற்றாது, கலப்பை எழும்பாது. தெரியாமல் பம்மைக் கழற்றச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். விற்பவருக்கே தெரியாவிட்டால் அது உங்கள் அதிர்ஷ்டம்.

கிளச் பிளேற் பிளைவீலோடு ஒட்டியிருந்தால் மிதியைக் கட்டையால் அழுத்தி வைத்துச் சில நாள் விட்டுப் பாருங்கள். என்ஜின் சூடேறினால் தானாக விடுவதும் உண்டு. இரண்டுக்கும் மசியாவிட்டால் மெசினை நடுவால் பிரிப்பதுதான் வழி.

றேடியேற்றருக்குக் கிணற்றுத் தண்ணீர் ஊற்றாதீர்கள். நம் சுண்ணக்கல் தண்ணீர் கேத்தில் அடியில் செய்வதை என்ஜினுக்குள்ளும் செய்யும். உவர்ப் பக்கமென்றால் புளொக்கின் பக்கத்துத் தகர மூடிகளையும் அரிக்கும். பிடித்து வைத்த மழைத்தண்ணீரோடு கூலன்ற் கலந்து ஊற்றுங்கள். முதல் ஒயிலைப் பத்து மணித்தியால ஓட்டத்தோடு, சூடாக இருக்கும்போதே, பில்ரரோடு சேர்த்து மாற்றிவிடுங்கள்.