மூன்று முறை வரைந்த கால்கள்

பதினேழாம் நூற்றாண்டு ஸ்பெயின் ஓவியர் வெலாஸ்கெஸ் வரைந்த செபஸ்தியான் தெ மோர்ராவின் படத்தைப் பார்த்து வரைய ஆரம்பித்து ஆறு வாரம் ஆகிறது. மோர்ரா, ஸ்பெயின் அரசர் நான்காம் பிலிப்பின் அரண்மனையில் இருந்த குள்ள மனிதர்களில் ஒருவர். மூலப்படம் மாட்ரிட்டின் பிராடோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது, உயரம் 106.5 செ.மீ., அகலம் 82.5. நான் எடுத்தது 14-க்கு 11 அங்குல கேன்வாஸ் போர்டு, ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. படத்தில் நாற்காலி, மேசை, திரைச்சீலை எதுவும் இல்லை. ஒரு மனிதர் தரையில் உட்கார்ந்து நம்மை நேராகப் பார்க்கிறார், அவ்வளவுதான். சுலபம் என்று நினைத்தேன்.

முதல் வாரம் கட்டம் போடாமல், கண்ணளவிலேயே கரிக்குச்சியால் வரைந்தேன். ஏதோ உதைத்தது. அளந்து பார்த்தால் தலை சிறுத்திருக்கிறது, கால்கள் நீண்டிருக்கின்றன. அழித்துவிட்டுத் திரும்ப வரைந்தேன். திரும்பவும் அதே தப்பு. ஆள் உயரம் ஏழரைத் தலை, அதாவது தலையின் உயரத்தைப் போல ஏழரை மடங்கு, என்று வரைந்து பழகிய கை, என்னைக் கேட்காமலே அவர் உடம்பைத் 'திருத்தி' வைக்கிறது. மூன்றாவது முறை கட்டம் போட்டேன். படத்தைத் தலைகீழாக வைத்து, இது கால் என்ற நினைப்பே இல்லாமல் வெறும் வடிவமாகப் பார்த்து வரைந்தபோதுதான் சரியாக வந்தது. இரண்டு காலும் நம்மை நோக்கி நீண்டிருப்பதால் காலணிகளின் அடிப்பாகம்தான் முதலில் தெரிகிறது. அதற்குப் பின்னால் கால் என்று வரைய அதிகம் எதுவுமே இல்லை.

கைகளிலும் இதே கதைதான். இரண்டையும் மடக்கி இடுப்போடு ஒட்டி வைத்திருக்கிறார், விரல்கள் தெரியாது. நானாக இரண்டு விரலைச் சேர்த்தேன். சேர்த்ததும் ஆள் ஏதோ கேட்டு நிற்பவர் போல ஆகிவிட்டார். டர்பன்டைன் துணியால் உடனே துடைத்தேன்.

நிறம் காய்கிற இடைவெளியில் அவரைப் பற்றிப் படித்தேன். அரசரின் தம்பி கர்தினால் பெர்னாந்தோவிடம் பிளாண்டர்ஸில் (இன்றைய பெல்ஜியப் பகுதி) இருந்துவிட்டு 1643-இல் மாட்ரிட் வந்தவர். பிறகு இளவரசர் பல்தசார் கார்லோஸின் பணியாளர்களில் ஒருவர். 1646-இல், பதினேழு வயதை எட்டும் முன்பே, இளவரசர் இறந்துபோனார். மோர்ராவுக்கு வாளும் குத்துவாளும் விட்டுச் சென்றார். மூன்று ஆண்டில் மோர்ராவும் போய்விட்டார். இன்னொரு சிக்கல்: படத்தில் இருப்பது மோர்ராவே அல்ல, 'எல் ப்ரிமோ' என்று அழைக்கப்பட்ட தியேகோ தெ அசேதோ என்ற கருத்தும் உண்டு. அசேதோவோ அரசரின் கையெழுத்து முத்திரை குத்தும் அலுவலகத்தில் வேலை பார்த்தவர். வேடிக்கை காட்டத்தான் இவர்களை வைத்திருந்தார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு, இந்த முத்திரை சமாச்சாரம் புதிது. அதற்காக அதைக் கௌரவமான வாழ்க்கை என்று சொல்ல மனம் வரவில்லை. ஓர் அரண்மனையிலிருந்து இன்னோர் அரண்மனைக்குப் பரிசாக அனுப்பப்பட்டவர்களும் இருந்தார்கள். இங்கிலாந்து ராணி ஹென்றியெட்டா மரியாவுக்கு ஜெஃப்ரி ஹட்சன் என்ற சிறுவனை ஒரு பெரிய 'பை' (pie) பலகாரத்துக்குள், ஆமாம், தின்கிற பலகாரத்துக்குள், வைத்துத்தான் விருந்தில் கொடுத்தார்கள்.

நாலாவது வாரம் முகம். கண்ணில் டைட்டானியம் ஒயிட் என்ற வெள்ளை நிறத்தால் பளிச்சென்று இரண்டு புள்ளி வைத்தேன். என் பெண் எட்டிப் பார்த்துவிட்டு, "பாவமா இருக்காருப்பா" என்றாள். மூலத்தில் அந்தப் பாவம் துளிகூட இல்லை. புள்ளிகளை எடுத்துவிட்டு, பர்ன்ட் அம்பர் என்ற அடர்பழுப்பில் கொஞ்சம் கறுப்பு கலந்து கண்குழியை இருட்டாக்கினேன். இப்போது மறுபடியும் முறைக்கிறார்.

பச்சை உள்சட்டை முடிந்தது. சிவப்பு மேலங்கியில் லின்சீடு எண்ணெய் கூடிவிட்டதால் நாலு நாளாகக் காயவில்லை. ஃபேன் போட்டால் தூசி ஒட்டுகிறது. அது காய்ந்தால்தான் தங்கச் சரிகை. லேஸ் காலரையும் ஒரு காலணியையும் இன்னும் தொடவே இல்லை.