சி மொழி பழகுவோரின் வழுக்களோடு சில வார இறுதிகள்

உயர்தரப் பரீட்சை எழுதி முடித்துப் பல்கலைக்கழக அனுமதிக்காகக் காத்திருக்கும் பிள்ளைகளுக்கு நீண்ட இடைவெளி ஒன்று கிடைக்கிறது. கொக்குவிலில் எங்கள் ஒழுங்கையைச் சுற்றியுள்ள அப்படியான சிலர், பொறியியலோ கணினி விஞ்ஞானமோ கிடைத்தால் தொடக்கத்திலேயே தேவைப்படும் என்ற எண்ணத்தில் சி என்ற கணினி மொழியைத் தாங்களாகவே பழகத் தொடங்கியிருக்கிறார்கள். சனி, ஞாயிறு மாலைகளில் அவர்கள் எழுதிய செய்நிரல்களை அவர்களோடு சேர்ந்து வாசித்து வழு நீக்குவது எனக்கு விருப்பமான பொழுதுபோக்காகிவிட்டது. எந்த வழு யாருக்கு வந்தது, எதைக் காட்டியபோது விளங்கியது என்பவற்றை ஒரு கொப்பியில் எழுதி வருகிறேன். அதிலிருந்து இதுவரை தெளிவானவற்றை இங்கே தருகிறேன்.

முதலிற் சொல்ல வேண்டியது, எழுதிய செய்நிரலைக் கணினி இயக்கக்கூடிய வடிவத்துக்கு மாற்றும் கொம்பைலர் மறுத்துவிடும் பிழைகளால் எவரும் நெடுநேரம் தடுமாறுவதில்லை என்பதாகும். விடுபட்ட அரைப்புள்ளியையோ மூடாத அடைப்பையோ கொம்பைலரே காட்டிக் கொடுத்துவிடும். அது ஒன்றும் சொல்லாமல் ஏற்றுக்கொண்டு, ஓடும்போது மட்டும் தவறான விடையைத் தரும் பிழைகளே பிள்ளைகளைச் சோர்வடையச் செய்கின்றன. சி மொழியில் அத்தகைய பிழைகள் மிக அதிகம். ஆகவே, பிழையைத் திருத்திக் கொடுப்பதை விட, அது பிள்ளையின் கண்ணுக்குத் தெரியும்படி செய்வதையே என் வேலையாக வைத்துக்கொண்டேன்.

வருகிறவர்களில் இரு வகையினர் உண்டு. உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் படித்தவர்களுக்குப் பைதன் என்ற கணினி மொழி தெரியும். இணைந்த கணிதம் படித்தவர்களிற் சிலர் எந்த மொழியிலும் ஒரு வரி கூட எழுதியதில்லை. பின்னவர்கள் இலக்கணத்தில் இடறுகிறார்கள். ஆனால் இரண்டு மூன்று மாலைகளில் அதைக் கடந்துவிடுகிறார்கள். பைதன் தெரிந்தவர்களுக்குத்தான் சிக்கல் ஆழமானது. அணியின் (வரிசையாக வைத்த பெறுமானங்களின்) எல்லையைத் தாண்டினால் பைதன் உடனே நிறுத்திவிடும்; இரு சரங்களை (எழுத்துத் தொடர்களை) ‘==’ கொண்டு ஒப்பிட்டால் சரியான விடை தரும்; நிறைவெண்களை வகுத்தாலும் தசமத்தோடு விடை தரும். இந்தக் காவல்கள் எல்லாம் சி மொழியிலும் இருக்கும் என்ற நம்பிக்கையோடு அவர்கள் எழுதுகிறார்கள்.

ஆகவே ஒவ்வொருவருடனும் முதலிற் செய்வது கொம்பைலரைப் பேச வைப்பதுதான். ஜீசீசீ கொம்பைலரை ‘-டபிள்யூஓல்’, ‘-டபிள்யூஎக்ஸ்ட்ரா’ என்ற இரண்டு தெரிவுகளோடு இயக்கினால், அதுவரை மௌனமாக இருந்த இடங்களிற் பாதிக்கு மேற்பட்டவற்றில் எச்சரிக்கை தரத் தொடங்கும். ‘என்றால்’ நிபந்தனைக்குள் ‘==’ எழுத வேண்டிய இடத்தில் ‘=’ எழுதியது, நிபந்தனை அடைப்பை மூடியவுடன் தேவையற்ற அரைப்புள்ளி இட்டது, உள்ளீட்டை வாசிக்கும் ஸ்கான்எஃப் சார்பில் மாறியின் பெயருக்கு முன் ‘&’ குறியை விட்டது ஆகிய மூன்றும் இவ்வாறே வெளிப்பட்டுவிடுகின்றன; அவற்றைப் பற்றி மேலும் சொல்லத் தேவையில்லை. எச்சரிக்கைகள் வரிசையாக வந்து திரையை நிறைக்கும்போது முதலாவதை மட்டும் வாசித்து, திருத்தி, மீண்டும் கொம்பைல் செய்ய வேண்டும் என்பதைப் பழக்கமாக்க வேண்டியிருக்கிறது. ஏனெனில் ஓர் அடைப்பு விடுபட்டாலே அதற்குக் கீழுள்ள பல வரிகளிற் பொய்யான வழுக்கள் தோன்றும். கையிலிருந்து கைக்கு மாறிவரும் பழைய குறிப்புகளில் இன்னும் டேர்போ சி காலத்து வரிகள் காணப்படுகின்றன. டொஸ் என்ற இயங்குதளத்துக்காக 1987இல் வெளிவந்த அந்தக் கொம்பைலரில் நிறைவெண்ணை வைக்கும் ‘இன்ட்’ மாறிக்கு 2 பைற் மட்டுமே இருந்ததால் 32767 வரையே அது கொள்ளும். இன்று நம் மடிகணினிகளில் 4 பைற், 2147483647 வரை. அந்தக் குறிப்புகளை ஒதுக்கி வைக்கும்படி சொல்லிவிடுகிறேன்.

எச்சரிக்கையே வராத பிழைகளில், என்னிடம் வருவோர் மிக விரைவாகச் சந்திப்பது நிறைவெண் வகுத்தல். இதற்கு இசட் புள்ளியை விடப் பொருத்தமான பயிற்சியை நான் காணவில்லை. பல்கலைக்கழக அனுமதியே அதில் தங்கியிருப்பதால் தசம தானங்களின் பெறுமதி அவர்களுக்கு நன்றாகத் தெரியும். ஒருவரின் புள்ளியிலிருந்து இடையைக் கழித்து நியம விலகலால் வகுக்க வேண்டும். புள்ளி 72, இடை 54, நியம விலகல் 11 என்று வைத்து, மூன்றையும் ‘இன்ட்’ மாறிகளாக அறிவித்து, விடையை மட்டும் தசம எண்களை வைக்கும் ‘டபுள்’ மாறியில் இட்ட ஒரு தங்கச்சி, “அக்கா, ஒரு வழுவும் காட்டேல்லை, ஆனா எல்லாருக்கும் ஒண்டு, இல்லாட்டி சைபர்தான் வருது” என்றாள். 18ஐ 11ஆல் வகுக்கும் கணத்தில் இருபுறமும் நிறைவெண்களாக இருப்பதால் விடை 1 என்று வெட்டப்பட்டுவிடுகிறது. அதன் பிறகே அது ‘டபுள்’ மாறிக்குள் போகிறது. போகும் பாத்திரம் பெரிதாக இருப்பதால் மட்டும் இழந்த தசமங்கள் திரும்பி வரமாட்டா.

அவள் செய்த முதலாவது திருத்தம் வகுத்தல் முழுவதையும் அடைப்புக்குள் இட்டு, அதற்கு முன்னால் ‘டபுள்’ வகைமாற்றத்தை எழுதியதாகும். விடை மாறவில்லை. அந்த இடத்தில் நான் பதிலைச் சொல்லாமல், அடைப்புக்குள் இருப்பதை மட்டும் தனியே அச்சிடும்படி கேட்டேன். திரையில் 1 வந்ததைக் கண்டவுடன், மாற்றம் வகுத்தலுக்கு முன்னால் நிகழ வேண்டும் என்பதை அவளே கண்டுகொண்டாள். மேலே உள்ள எண்ணை மட்டும் ‘டபுள்’ ஆக்கியதும் 1.6364 வந்தது. இடைக்குக் கீழே புள்ளி பெற்றவருக்கு என்ன நடக்கும் என்று அடுத்துப் பார்த்தோம். −14ஐ 11ஆல் வகுத்தால் சி மொழி பூச்சியத்தை நோக்கி வெட்டி −1 தருகிறது. பைதனின் நிறைவெண் வகுத்தற் குறியான ‘//’ கீழ்நோக்கிச் சென்று −2 தருகிறது. இந்த வேறுபாட்டை ஒருமுறை கையாற் செய்து பார்த்தவர்கள் பிறகு மறப்பதில்லை.

ஸ்கான்எஃப் தனியே பல மாலைகளை எடுத்துக்கொள்கிறது. ஓர் எண்ணை வாசித்த பின் ‘%சீ’ கொண்டு ஓர் எழுத்தை வாசிக்க முயன்றால், செய்நிரல் காத்திராமல் அடுத்த வரிக்குத் தாவிவிடும். கணினி பழுதாகிவிட்டது என்றே பிள்ளைகள் நினைக்கிறார்கள். எண்ணைத் தட்டிய பின் அழுத்திய என்டர் விசை ஒரு புதுவரி எழுத்தாக உள்ளீட்டில் மிஞ்சியிருக்கிறது. எண்ணை வாசிக்கும் ‘%டீ’ அதைத் தொடாமல் விட்டுச் செல்கிறது. ‘%சீ’ அதையே ஓர் எழுத்தாக எடுத்துக்கொள்கிறது. வாசித்த எழுத்தை எண்ணாக அச்சிட்டுப் பார்க்கும்படி சொன்னால் 10 என்று வரும். புதுவரிக்குரிய குறியீட்டு எண் அதுதான். அதைக் கண்ட பிறகு, ‘%சீ’க்கு முன் ஒரு வெற்றிடம் விட்டால் போதும் என்ற திருத்தத்துக்குக் காரணம் விளங்கிவிடுகிறது. காரணம் தெரியாமல் அந்த வெற்றிடத்தை மனனம் செய்தவர்கள் அதைத் தேவையற்ற இடங்களிலும் இட்டு வேறு சிக்கலுக்குள் போகிறார்கள்.

எண் கேட்கும் இடத்தில் எழுத்தைத் தட்டினால் சுழற்சி முடிவின்றி ஓடுவதும் இதே குடும்பத்தைச் சேர்ந்தது. வாசிக்க முடியாத எழுத்து உள்ளீட்டிலேயே நிற்பதால் ஒவ்வொரு சுற்றிலும் ஸ்கான்எஃப் அதிலேயே முட்டி நிற்கிறது. அந்தச் சார்பு எத்தனை பெறுமானங்களை வெற்றிகரமாக வாசித்தது என்பதைத் திருப்பித் தருகிறது. அதைச் சோதிக்காத செய்நிரலை முடிந்த செய்நிரலாக நான் ஏற்றுக்கொள்வதில்லை. ஒரு வரியை அளவுக் கட்டுப்பாடே இல்லாமல் வாசிக்கும் ‘கெட்ஸ்’ சார்பு சி மொழியின் 2011ஆம் ஆண்டு நியமத்திலிருந்து நீக்கப்பட்டுவிட்டது என்பதையும், அதற்குப் பதிலாக ‘எஃப்கெட்ஸ்’ இருக்கிறது என்பதையும் இந்த இடத்திலேயே சொல்லிவிடுகிறேன்.

அணிகளுக்கு வந்தபோது, “என்ர லப்டொப்பில சரியாத்தானே வருது” என்ற வாக்கியத்தை அடிக்கடி கேட்டேன். ஐந்து உறுப்புகள் கொண்ட அணியில் சுட்டெண் 0 முதல் 4 வரை செல்லும்; ‘<’ எழுத வேண்டிய இடத்தில் ‘<=’ எழுதினால் ஐந்தாம் சுட்டெண்ணுக்கு, அதாவது அணிக்கு வெளியே உள்ள இடத்துக்கு, எழுத்து நிகழும். அந்த இடத்தில் வேறொரு மாறி இருந்தால் அதன் பெறுமானம் மாறும். சுழற்சியின் எண்ணியே அங்கு இருந்துவிட்டால் சுழற்சி முடியாமலும் போகலாம். ஒன்றும் நடவாதது போலவும் தோன்றலாம். 1970களின் தொடக்கத்தில் டெனிஸ் ரிச்சி பெல் ஆய்வுகூடத்தில் உருவாக்கிய இந்த மொழி, ஒவ்வொரு அணுகலின்போதும் எல்லையைச் சோதிப்பதில்லை; எல்லை மீறினால் என்ன நடக்க வேண்டும் என்பதை நியமமும் வரையறுக்கவில்லை. தொடக்கப் பெறுமானம் இடாத கூட்டுத்தொகை மாறியும் இவ்வாறே ஒரு கணினியிற் சரியாகவும் மற்றொன்றிற் பிழையாகவும் நடந்துகொள்ளும்.

வாயால் எவ்வளவு விளக்கினாலும் சரியான விடை கண்முன்னே நிற்கும்போது பிள்ளை நம்பமாட்டாது. ஆகவே உபுன்டு இயங்குதளத்தில் ‘-எஃப்சானிடைஸ்=அட்ரஸ்’ தெரிவோடும் ‘-ஜீ’ தெரிவோடும் மீண்டும் கொம்பைல் செய்யச் சொல்கிறேன். ஓடிய உடனேயே செய்நிரல் நிறுத்தப்பட்டு, எந்த வரியில், எந்த அணியின் எல்லைக்கு வெளியே, 4 பைற் எழுதப்பட்டது என்ற அறிக்கை வருகிறது. இதுவரை முயன்றவற்றுள் மிகுந்த பயன் தந்தது இதுதான் என்று உறுதியாகச் சொல்வேன். தொடக்கநிலையாளருக்கு இது மேலதிகமான கருவி என்று ஒதுக்குவோர் உண்டு. என் கருத்தில் அவர்களுக்கே இது முதலில் தேவை.

சரங்களைப் பழகும்போது ஆங்கிலச் சொற்களை மட்டும் கொண்டு பார்த்தால் சில உண்மைகள் மறைந்தே இருக்கும். ‘யாழ்ப்பாணம்’ என்ற சொல்லை ஒரு சரமாக எழுதி அதன் நீளத்தை ‘ஸ்டிர்லென்’ சார்பிடம் கேட்கச் சொன்னேன். நாம் எண்ணினால் ஆறு எழுத்து. சிலர் 6 என்றார்கள், சிலர் 7 என்றார்கள். திரையில் வந்தது 33. எழுத்துகளுக்கு எண் வழங்கும் நியமமான யூனிகோட்டில் உயிர்மெய்க் குறிகளும் புள்ளிகளும் தனித்தனிக் குறியீடுகள் ஆகையால் அந்தச் சொல்லில் 11 குறியீடுகள் உள்ளன. அவற்றைப் பைற்றுகளாகச் சேமிக்கும் யூரிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றுக்கும் 3 பைற் வேண்டும். சரத்தின் முடிவைக் குறிக்க இறுதியில் நிற்கும் பூச்சிய எழுத்தையும் சேர்த்தால் அணிக்கு 34 இடங்கள் தேவை.

பிறகு 20 இடங்கள் கொண்ட அணிக்குள் ‘எஃப்கெட்ஸ்’ மூலம் அதே சொல்லை வாசித்தோம். ‘யாழ்ப்’ என்பதோடு நின்று, அதன் பின் சிதைந்த குறி ஒன்று வந்தது. பூச்சிய எழுத்துக்கு ஓரிடம் போக மிஞ்சிய 19 பைற்றுக்குள் ஆறு குறியீடுகள் முழுமையாகவும் ஏழாவதன் முதற் பைற் மட்டும் தனியாகவும் அடங்கியதே காரணம். சரத்தின் நீளம், அணியின் கொள்ளளவு, பூச்சிய எழுத்து ஆகிய மூன்றும் வெவ்வேறு என்பதை விளக்க நான் எடுத்த பிற முயற்சிகள் எவையும் இந்த ஒரு சொல்லின் அளவுக்குப் பயன் தரவில்லை. தங்கள் ஊரின் பெயரே வெட்டுப்பட்டு நிற்பதைக் கண்டவர்கள் அணியின் அளவைக் குறிப்பிடும்போது நின்று யோசிக்கிறார்கள்.

நினைவக முகவரிகளை வைத்திருக்கும் சுட்டிகளில் முன்னேற்றம் மெதுவாகவே இருக்கிறது. அணியை ஒரு சார்புக்கு அனுப்பினால், அங்கே ‘சைஸ்ஒஃப்’ அணியின் அளவைத் தராமல் சுட்டியின் அளவாகிய 8ஐத் தருகிறது என்பதை அச்சிட்டுக் காட்டலாம். சார்புக்குள் அறிவித்த அணியின் முகவரியைத் திருப்பி அனுப்புவதற்குக் கொம்பைலரே எச்சரிக்கை தருகிறது. இவை தனித்தனியே விளங்கினாலும், எந்த நினைவகம் எப்போது வரை உயிரோடு இருக்கும் என்ற முழுப்படம் இன்னும் பலரிடம் உருவாகவில்லை. ஒவ்வொரு மாறியையும் முகவரியோடு கட்டங்களாகத் தாளில் வரைந்து, சார்பு முடியும்போது அதன் கட்டங்களை அழித்துவிடும் முறையை இப்போது தொடங்கியிருக்கிறோம்.

உதவும் முறையைப் பற்றியும் ஒன்று எழுத வேண்டும். ரியூசன் வகுப்புகளிலும் கடந்தகால வினாத்தாள்களிலும் வளர்ந்த நம் பிள்ளைகள் மாதிரி விடையை நினைவில் வைத்துக்கொள்வதில் வல்லவர்கள். சரியான வரியை நான் எழுதிக் கொடுத்தால் அதையும் அவ்வாறே நினைவில் வைத்துவிடுவார்கள். எனவே அவர்களின் விசைப்பலகையை நான் தொடுவதில்லை. ஓட விடுவதற்கு முன், என்ன அச்சாகும் என்பதைத் தாளில் எழுதும்படி கேட்கிறேன். எழுதியதும் திரையில் வந்ததும் வேறுபடும் இடத்திலிருந்துதான் பேச்சே தொடங்குகிறது. பெரிய செய்நிரலோடு வருபவரை, அதே பிழை நிகழும்படியான பத்து வரிச் செய்நிரலாக அதைச் சுருக்கி வரச் சொல்கிறேன். சுருக்கும்போதே பாதிப்பேர் பிழையைக் கண்டுபிடித்துவிடுகிறார்கள்.

அடுத்த சில வாரங்களுக்கு நினைவகத்தைக் கேட்டுப் பெறும் மலொக், அதை விடுவிக்கும் ஃபிரீ ஆகிய சார்புகளையும் கோப்பு வாசித்தலையும் எடுத்திருக்கிறோம். கோப்பின் இறுதி வரியை இரண்டு முறை அச்சிடும் செய்நிரல் ஒன்று ஏற்கெனவே வந்து சேர்ந்துவிட்டது: சுழற்சியின் நிபந்தனையாக கோப்பு முடிந்ததா என்று சொல்லும் ‘எஃப்ஈஓஎஃப்’ சார்பு இடப்பட்டிருக்கிறது, ஆனால் ஒரு வாசிப்பு தோற்ற பின்பே அது உண்மையாகும். ஆகையால் வாசிக்கும் சார்பின் விடையையே நிபந்தனையாக வைக்க வேண்டும் என்ற இடத்துக்கு, மூன்று வரிகள் கொண்ட ஒரு புள்ளிப் பட்டியலைக் கொடுத்து, ஒவ்வொரு சுற்றிலும் ‘எஃப்ஈஓஎஃப்’ தரும் பெறுமானத்தை அச்சிட வைத்து, அவர்களைக் கொண்டுவர எண்ணியிருக்கிறேன்.